குடிக்காத இளநீர்

கொச்சியில் யார் வேலையைக் குறைத்தாலும் முதலில் நோட்டீஸ் கொடுப்பார்கள், பிறகு கொடி பிடிப்பார்கள், நாலு பேர் நின்று கோஷம் போடுவார்கள். என் சிறுநீரகங்கள் எனக்கு அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. ரத்த அழுத்தத்துக்காக வழக்கமாக எடுக்கிற பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருந்தது. சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது என்றும் தெரிந்தது. எர்ணாகுளத்து டாக்டர் பார்த்துவிட்டு, தொடக்க நிலைதான், பயப்பட வேண்டாம், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும், மிளகும் ஏலமும் விற்கிற மலஞ்சரக்குக் கடையில், மழையில் நனைந்த மிளகு மூட்டைகளைப் பார்த்து எங்கள் முதலாளியும் இதையேதான் சொல்வார். அதனால் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அழுத்தத்தையும் குறைக்கும், சிறுநீரகத்துக்கும் காவலாக இருக்கும், இனிமேல் உங்களுக்கு இதுதான் முக்கியம் என்றார். ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு கோணல் புத்தி உண்டாம். ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். பொட்டாசியம் ரொம்ப ஏறினால் இதயத்துக்கு ஆகாது. ஆகவே மாத்திரை நிலைக்க வேண்டுமென்றால் சாப்பாட்டில் பொட்டாசியம் குறைய வேண்டும் என்று சொல்லி, என்னையும் என் மனைவியையும் பக்கத்து அறையில் இருந்த டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

எங்கள் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நோயாளி நான்தான் என்றாலும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்று கண்டுபிடித்துவிட்டாள். என் மனைவியிடம் சொன்னாள்: உப்பு பாதிக்கும் கீழே. ஊறுகாய், அப்பளம் வேண்டாம். இளநீர் கூடவே கூடாது. சேனை, வாழைக்காய், மத்தன் என்கிற பரங்கிக்காய் எதுவானாலும் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும். என் மனைவி பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து அசைத்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். அவள் ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டால் பிறகு பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது. 

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொன்னவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். முதல் வாரத்தில் வந்த கூட்டு எதனால் செய்தது என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என்னால் சொல்லியிருக்க முடியாது. கண்ணைத் திறந்தும் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிடாதவளை எவ்வளவு காலம் நினைப்பது என்று கேட்டேன். "இருக்கற காலம் முழுக்க நெனச்சா போறும். அது நீளணும்னுதான் உப்பிடாம இருக்கேன்" என்றாள். சண்டையில் அவளை ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை.

வீட்டுக்குள் மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். மட்டாஞ்சேரியில் ஒரு தெருவுக்குள்ளேயே ஐந்து பாஷை பேசுவார்கள். என் சிறுநீரகச் செய்தியை என் மனைவி ஐந்திலும் அறிவித்துவிட்டாள். கொங்கணி மாமி தன் வீட்டு அப்பளம் காய்கிற பக்கம் என்னைக் கண்டால் பாயைச் சுருட்டினாள். குஜராத்திப் பலகாரக் கடைக்காரர் என்னைக் கும்பிட்டு, பழங்கள் வைத்திருக்கிற கடை எதிரே இருக்கிறது என்று காட்டினார். எதிரே இருந்ததோ நேந்திரம்பழக் கடை; பொட்டாசியத்துக்குப் பிறந்த வீடே அதுதான். சாயாக் கடையில் கண்ணாடி அலமாரிக்குள், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி பொன்னாகப் பொலிந்துகொண்டிருக்கும். நான் விரலை நீட்டுவதற்குள் கடைக்காரர், "வேண்டா சாரே. சேச்சி பறஞ்ஞிட்டுண்டு" என்பார். என் மனைவி சொல்லிவைத்திருக்கிறாளாம். காசு கொடுத்தும் கிடைக்காத சாமான் என்று ஒன்று இருப்பதை நான் இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

இத்தனை காவல் இருந்தால் யாருக்குத்தான் திருடத் தோன்றாது? எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஜாடி கொண்டாட்டம் இருந்தது. மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைத்த மிளகாய், எண்ணெயில் பொரித்தால் மொறுமொறு என்று வரும். அதில் நாலைப் பொரிக்கக்கூட வழியில்லாமல் அப்படியே தாளில் மடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய், கடிக்கிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, நின்றபடியே தின்றேன். அப்படி ஒரு ருசியை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. வெளியே வந்தபோது அவள் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். அரை மணி நேரம் குழாய் ஓடியிருக்கிறது, தலை நனையவில்லை, வாயில் நெடி.  ஜாடி அன்றைக்கே கொங்கணி மாமி வீட்டுக்குப் போய்விட்டது. ஆக, வீட்டில் நான் ஏற்கெனவே தண்டனை பெற்றவன். பிற்பாடு நடந்ததெல்லாம் அதனால்தான்.

அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் ஏறியிருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இளநீர்? இல்லை. சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கிறார்களே, அந்த உப்பு? இல்லை. நாட்டு மருந்து, வலி மாத்திரை? இல்லை, இல்லை. நான் ஒவ்வொரு தடவை இல்லை என்று சொல்லும்போதும் பக்கத்தில் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் கடைசியில், அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் அந்த மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். நிறுத்தினால் புரத ஒழுக்கு கூடும், ஒழுக்கு கூடினால் சிறுநீரகம் சீக்கிரமே இன்னும் கீழே போகும் என்றும் சொன்னார். எவ்வளவு கீழே என்று நாங்கள் கேட்கவில்லை.

எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகில் அவள் ஆரம்பித்தாள்.

"எங்கேந்து தின்னேள்?"

"நான் ஒண்ணும் திங்கலடி. சத்தியமா."

"குளிமுறில கொண்டாட்டம் தின்னவருக்குச் சத்தியம் ஒரு கேடா? அந்த மாத்திரையை நிறுத்தினா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னதைக் கேட்டேளோ இல்லையோ?"

கேட்டிருந்தேன். என்னை அதட்ட வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குக் கேட்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். ஆட்டோவில் அவர் திரும்பி வரும் நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் ஜன்னல் பக்கம் போவதில்லை. அன்றைக்குப் போய் நின்றேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த மாதம் முழுக்க யோக்கியனாக இருப்பது என்று தீர்மானித்தேன்.

யோக்கியனாக இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மற்றவர்களை நம்பவைப்பதுதான் கஷ்டம். சாயாக் கடையில் பால் விடாத வெறும் கட்டன் சாயா குடித்துவிட்டு, கடைக்காரரிடமே, நான் வேறொன்றும் சாப்பிடவில்லை என்று நீங்கள் பார்த்தீர்கள்தானே என்று கேட்டு வைத்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். சாயந்தரம் ஃபோர்ட் கொச்சிக் கரையோரம் நடக்கப் போகும்போது மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிறவர்களைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சாமியார் வேஷம் நன்னாத்தான் இருக்கு" என்றாள் அவள். கடையில் என்ன தின்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அதன் பொருள். கள்ளன் பெரியவனா காப்பான் பெரியவனா என்று இத்தனை நாள் அவளோடு போட்டி போட்டவன், அந்த மாதம் எங்கள் வீட்டில் கள்ளனே இல்லை என்று நிரூபிக்க முடியாமல் தவித்தேன்.

ஒரே ஆறுதல், சாப்பாடு தேறியிருந்தது. உப்பு இல்லாத குறையை மிளகையும் சீரகத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து அடைக்க அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். மிளகு விஷயத்தில் என் உதவியும் உண்டு; கடையில் வந்த நல்ல சரக்காகப் பார்த்து ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தேன். அதிலும் ரசம் இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய் எல்லாம் வெந்து வெளுத்துப்போய்ச் சாரமில்லாமல் கிடக்கும். ரசம் மட்டும் கனமாக, மணமாக, ஒரு ஊரையே எழுப்புகிற மாதிரி இருக்கும். சாதத்தில் இரண்டு தடவை விட்டுக்கொண்டு, மூன்றாவது தடவை டம்ளரில் வாங்கிக் குடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் ரசம் இப்படி இருந்ததே இல்லை என்று உண்மையைச் சொன்னேன். பேச்சு வார்த்தை குறைந்திருந்த நாட்கள் அவை. ஆனால் நான் டம்ளரை நீட்டும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் இளகும். மறுபேச்சில்லாமல் ஊற்றுவாள்.

மாதம் முடிந்து ரத்தம் கொடுத்தோம். பொட்டாசியம் இன்னும் ஏறியிருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார், என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். டாக்டர் மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை சாப்பாட்டைச் சரியாகப் பார்த்துவிடலாம் என்று மறுபடியும் அந்தப் பெண்ணிடம் அனுப்பினார். இந்தத் தடவை அவள் நிதானமாக, சமையலைத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லும்படி என் மனைவியிடம் கேட்டாள். என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு பிசகும் இல்லாமல் செய்தவளின் தைரியம் அவள் குரலில் இருந்தது.

"தோலெல்லாம் சீவிடுவேன். சின்னச் சின்னதா நறுக்கி, பெரிய பாத்ரத்துல நெறைய வெள்ளம் வெச்சு வேகவெப்பேன். அப்புறம் சுத்தமா வடிச்சுடுவேன் மோளே. ஒரு பொட்டுத் தண்ணி காயில இருக்காது."

"நல்லது ஆன்ட்டி. பின்னே, ஆ வெள்ளம் களையும் அல்லே?"

"களையறதா?" தண்ணீரைக் கீழே கொட்டுவதா என்கிற அந்தக் கேள்வியே என் மனைவிக்கு விளங்கவில்லை. "சத்து முழுக்க அதுலன்னா இருக்கு! அதுலதான் ரசம் வெக்கறேன்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரசமோ?"

"ஆமாம். தெனமும். இவர் மூணு தரம் வாங்கிப்பார்."

என் மனைவியை யாரும் குறைத்து நினைத்துவிடக் கூடாது. எங்கள் அடுக்களையில் தண்ணீருக்கு வெளியேறும் உரிமை கிடையாது. அரிசி களைந்த முதல் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, இரண்டாவது தண்ணீர் புளி கரைக்க, பருப்பு வெந்த தண்ணீர் ரசத்துக்கு, காய் வெந்த தண்ணீர் குழம்புக்கோ ரசத்துக்கோ. காயைக் கொதிக்கவைத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிறவளை எங்கள் பக்கத்தில் குடும்பம் நடத்தத் தெரியாதவள் என்பார்கள். காயில் தண்ணீர் இருக்கக் கூடாது என்று டயட்டீஷியன் சொன்னாள், இவள் எடுத்துவிட்டாள். ரசத்தைப் பற்றி யார் என்ன சொன்னார்கள்? பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும் என்று சொன்னாள். சரி, அது காயைவிட்டுப் போயிற்றுதானே? அது எங்கே போயிற்று என்பதை அவள் யோசிக்கவில்லை. தினமும் சாப்பிட்ட நானும் யோசிக்கவில்லை.

அந்தப் பெண் ரொம்ப மெதுவாக, "ஆன்ட்டி, நம்மள் வேண்டான்னு எடுத்ததெல்லாம் ஆ வெள்ளத்திலாணு" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. ஒரு மாதமாகச் செய்யாத களவுக்கு ஜெயிலில் இருந்தவன், கடைசியில் ஜெயிலர்தான் கள்ளன் என்று கண்டுபிடித்தால் சிரிக்காமல் என்ன செய்வான்? சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மாத்திரை இப்போதைக்கு இருக்கட்டும், ரசம் நிற்கட்டும் என்றார் டாக்டர். பொட்டாசியத்தை இறக்க ஒரு பொடி கொடுத்து, கொஞ்ச நாளில் மறுபடி வரச் சொன்னார். நான் என் விடுதலைக்காக நல்ல நல்ல வசனங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். படகில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று அத்தனை நாள் ஆசை. அவள் காயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வசனங்களை நானே வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் புடவைகூட மாற்றாமல் அடுக்களைக்குப் போய் வாழைக்காய் நறுக்கினாள். வேகவைத்தாள். வடித்தாள். பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் அந்தத் தண்ணீரைக் கொட்டினாள். அது போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவள், சத்தம் அடங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மெலிஞ்சுண்டே போறேளேன்னுதான்" என்றாள். "உப்பும் இல்ல, தேங்காயும் இல்ல, பருப்பும் கொஞ்சம்தான். அந்தச் சத்தாவது உள்ள போகட்டும்னு பாத்துப் பாத்து ஊத்தினேன். என் கையாலேயே…"  வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள்.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பரவாயில்லை என்றேன், தெரியாமல் செய்ததுதானே என்றேன், டாக்டரே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையே என்றேன். ஒவ்வொன்றுக்கும் அழுகை கூடியது. எங்கள் வீட்டில் அவள் என்னைத் திட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். அவள் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொட்டாசியத்தைவிடப் பயமாக இருந்தது.

"இங்க பாரு," என்றேன். "உன் ரசம் மட்டும் இல்ல. நானும்தான்."

"என்ன நீங்களும்?"

"இளநீர்."

அழுகை நின்றது.

"மார்க்கெட் முக்குல நம்ம திருநெல்வேலிப் பையன் வண்டி போடறான் இல்லையா, அவன்கிட்ட. தெனமும் மத்தியானம் ஒண்ணு." அவள் என்னையே பார்த்தாள். போதாதோ என்று தோன்றியது. "சில நாள் ரெண்டு. வழுக்கையும் சொரண்டித் தரச் சொல்லுவேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கைத் துடைத்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். எழுந்து நின்று ஆரம்பித்தாள்.

"கள்ளன்! காட்டுக் கள்ளன்! பக்கத்துல கையைக் கட்டிண்டு நடந்தேளே, ஒரு மாசம்! நாணம் உண்டோ உங்களுக்கு? வழுக்கை வேற கேக்கறதா வழுக்கை? அந்தப் பொண்ணு முன்னாடி நான் தலை குனிஞ்சு உக்காந்திருக்கேன், இவர் பல்லைக் காட்டிண்டு சிரிக்கறார்!" தமிழ் தீர்ந்தபோது மலையாளத்துக்குப் போனாள், அதுவும் தீர்ந்தபோது பாத்திரங்களை வைத்துப் பேசினாள். கரண்டி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். கொங்கணி மாமி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். குனிந்தால்தான் என் முகத்தில் இருந்த சந்தோஷம் அவளுக்குத் தெரியாது. திட்டிக்கொண்டே வாழைக்காயைத் தாளித்தாள், திட்டிக்கொண்டே தட்டு வைத்தாள், திட்டிக்கொண்டே தானும் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டாளே, அது போதும் என்று இருந்தது.

அதற்கடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கிவிட்டது. டாக்டர் மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார். புரத ஒழுக்கும் கொஞ்சம் குறைந்திருந்தது. டயட்டீஷியன் பெண் என் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வழக்கம்போல என்னை யாரும் பாராட்டவில்லை.

திரும்பும் படகில் காற்று நன்றாக அடித்தது. அவள் இத்தனை நாளில் முதல் தடவையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நல்ல சேதி கையில் இருக்கும்போதே உண்மையையும் சொல்லி, கெட்ட பெயரைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. எத்தனை நாளைக்குத்தான் குடிக்காத இளநீருக்குத் திட்டு வாங்குவது?

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றேன். "கோவிச்சுக்கப்படாது. அந்த இளநீர் இருக்கே…"

"அந்தப் பையன் திருநெல்வேலிக்குப் போய் ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு," என்றாள் அவள். "ஆத்துக்காரிக்குப் பிரசவம். என்கிட்ட சொல்லிண்டுதான் போனான். அந்த முக்குல இப்போ வண்டியே இல்ல."

 ஆசை வந்துவிடக் கூடாதென்று அந்த மாதம் முழுக்க நான் மார்க்கெட் முக்கைத் தவிர்த்து வேறு வழியில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போய்வந்தேன். வண்டி இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"அப்போ, நான் சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுண்டேதான் அவ்வளவு திட்டினயா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். சிரிக்கவில்லை.

"அன்னிக்கு உங்களைத் திட்டியிருக்கலைன்னா, என்னைத்தான் திட்டிண்டு இருந்திருப்பேன். உங்களைத் திட்டினா கொஞ்ச நேரத்துல நின்னுடும். என்னைத் திட்டிண்டா அது நிக்காது, கேட்டேளா."

 படகு மட்டாஞ்சேரியில் கரை தட்டி, எல்லாரும் எழுந்து இறங்கத் தொடங்கினார்கள். நான் முதலில் இறங்கி, அவளுக்குக் கை நீட்டினேன்.